முரண்டு யாருடைய குற்றம்?

இங்கே எழுதாதே என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருக்கும் சுவரில்தான் கிறுக்கல் மிகுதியாக இருக்கிறது என்பதை வீதியில் நடக்கும் எவரும் கவனித்திருப்பார்கள். கவனித்துச் சிரித்துவிட்டுப் போகும் இந்தச் சாதாரண விஷயத்தைக் கணக்கெடுத்தே பார்த்துவிட வேண்டுமென்று 1970-களின் நடுவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர், டெபோரா சாண்டர்ஸ் என்னும் இரண்டு அமெரிக்க மனோதத்துவ ஆராய்ச்சியாளர்களுக்குத் தோன்றிற்று. சர்வகலாசாலை ஒன்றின் ஆண்கள் கழிவறைகளில் அவர்கள் சில அறிவிப்புப் பலகைகளை மாட்டினார்கள். சில பலகைகள் சுவரில் எழுதக்கூடாது என்று அதட்டின; வேறு சில, தயவுசெய்து எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டன. அடியிலிருந்த கையொப்பத்திலும் பேதம் வைத்தார்கள்: சிலவற்றில் சர்வகலாசாலைப் போலீசின் உயர்ந்த அதிகாரி, சிலவற்றில் அதிகாரம் அதிகமில்லாத ஒரு சிற்றலுவலர். 1976-ல் வெளியான முடிவு இது: கேட்டுக்கொண்ட பலகையைவிட அதட்டிய பலகைக்கே கிறுக்கல் அதிகம், அதட்டலோடு பெரிய அதிகாரியின் கையொப்பமும் சேர்ந்த இடத்தில் இன்னும் அதிகம்.

கழிவறைக்குள் நுழைந்த அந்த வாலிபர்கள் சுவரில் எழுதவேண்டும் என்ற சங்கற்பத்தோடு வந்தவர்கள் அல்லர். பலகை எப்படியிருந்தாலும் வந்தவர்கள் ஒரே விதமான மாணவர்களே. ஆகவே, அதட்டிய பலகையின் மேல் விழுந்த கூடுதல் கிறுக்கலுக்குக் காரணம் மாணவர்களின் சுபாவம் என்று சொல்வதற்கில்லை. பலகையின் பாஷைதான் காரணம் என்று ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. இந்தச் சிறிய உண்மை எவ்வளவு தூரம் செல்லக்கூடியது என்பதை நினைத்துப் பார்க்கும்போது, குழந்தையைத் திருத்த முயலும் தாய் முதல் நோயாளியைத் திருத்த முயலும் வைத்தியர் வரை, நன்மையைக் கருதிப் பேசுகிற அத்தனை பேரும் ஒரு கணம் நின்று யோசிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சொன்னதற்கு நேர்மாறாகச் செய்கிறவனை நம்மவர்கள் 'முரண்டு பிடிக்கிறான்' என்பார்கள், 'வீம்புக்காரன்' என்பார்கள். வீம்புக்கு என்று ஒரு காரியத்தைச் செய்வது, அந்தக் காரியத்தின் லாபநஷ்டங்களைப் பற்றிய யோசனையே இல்லாமல் செய்வதாகும். அழகான சொற்கள்தாம், ஆனால் இரண்டிலும் ஒரு தீர்ப்பு மறைந்திருக்கிறது. குற்றம் முழுவதும் முரண்டுபவனைச் சேர்ந்தது, சொன்னவர் நிரபராதி என்பதே அந்தத் தீர்ப்பு. இந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போட்டவர் ஜாக் பிரெம் என்ற அமெரிக்க மனோதத்துவ ஆசிரியர். 1966-ல் அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஒரு மனிதன் தனக்கு உரியதென்று எண்ணியிருக்கும் சுதந்திரத்தைப் பிறர் பறிக்கவோ குறைக்கவோ முற்படும்போது, அதை மீட்டுக்கொள்ளவேண்டும் என்ற வேகம் அவன் உள்ளத்தில் தானாகவே எழுகிறது. பறிபோகும் சுதந்திரம் எவ்வளவு முக்கியமானதோ, பறிக்க வருகிற பலம் எவ்வளவு பெரியதோ, அவ்வளவுக்கு வேகமும் பெரிதாகிறது என்பது அதன் சாரம். இந்த வேகத்துக்கு அவர் இட்ட பெயர் 'ரியாக்டன்ஸ்'. முரண்டு என்ற நம் சொல்லையே அதற்கு வைத்துக்கொள்ளலாம், அதில் படிந்திருக்கும் வசவை மட்டும் துடைத்துவிட்டு.

பிரெம் செய்த ஆரம்பகாலப் பரிசோதனைகளுள் ஒன்று மிக எளிமையானது. மாணவர்கள் சிலரை நான்கு இசைத்தட்டுகளைக் கேட்கச் செய்து, அவற்றை ரசித்த அளவுக்கு ஏற்ப மதிப்பிடச் சொன்னார்கள்; மறுமுறை வரும்போது நான்கில் விரும்பியதொன்றை எடுத்துக்கொண்டு போகலாம் என்றும் வாக்களித்தார்கள். மறுமுறை வந்தபோது, ஒரு மாணவன் மூன்றாவது இடம் கொடுத்திருந்த தட்டு மட்டும் வந்துசேரவில்லை என்று சொல்லி, மீண்டும் எல்லாவற்றையும் மதிப்பிடச் சொன்னார்கள். கிடையாது என்று ஆன அந்தத் தட்டின் மதிப்பு ஏறிவிட்டது. இசை மாறவில்லை, பாடியவர் மாறவில்லை, கேட்ட செவியும் மாறவில்லை; தேர்ந்தெடுக்கும் உரிமையிலிருந்து ஒரு துண்டு உடைந்துபோயிற்று, அவ்வளவுதான்.

பரிசோதனைச் சாலைக்கு வெளியே, நிஜமான வாழ்க்கையிலும் இதையே காண்கிறோம். ஃப்ளோரிடா மாகாணத்தில் மியாமி நகரம் இருக்கும் ஜில்லாவில், நீர்நிலைகளைக் காக்கும் பொருட்டு, பாஸ்பேட் கலந்த சலவைத் தூளை 1972-ல் தடை செய்தார்கள். உடனே அங்கே குடும்பப் பெண்கள் பக்கத்து ஜில்லாக்களுக்குப் போய் அந்தத் தூளை வாங்கிவந்து வீட்டில் அடுக்கிவைக்கத் தொடங்கினார்கள். அதைவிட விசேஷம், தடையில்லாத டாம்பா நகரத்துப் பெண்களோடு ஒப்பிட்டு விசாரித்தபோது, மியாமிப் பெண்கள் அந்தத் தூள் அழுக்கை நன்றாகப் போக்குகிறது, துணியை அதிகமாக வெளுக்கிறது என்று சொன்னதோடு நில்லாமல், அது சுலபமாகக் கொட்டுகிறது என்றும்கூடச் சொன்னார்கள். சட்டம் போடாமல் நீர்நிலைகளைக் காத்திருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்குள் நான் போகவில்லை.

சட்டம் மாத்திரம் அன்று, வெறும் சொல்லும் சுதந்திரத்தைப் பறிக்கும். 'வேண்டும்', 'கூடாது', 'கட்டாயம்', 'இதில் யோசிக்க என்ன இருக்கிறது' என்பன போன்ற பிரயோகங்கள், கேட்பவன் முடிவு செய்வதற்கு முன்பே முடிவை எடுத்து அவன் கையில் திணிக்கின்றன. சொல்லப்பட்ட விஷயம் அவனுக்கு உடன்பாடானதாகவே இருக்கலாம். நேற்று இரவு அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதாகவே இருக்கலாம். ஆயினும் அது ஆக்ஞையின் வடிவத்தில் வரும்போது, விஷயத்துக்குப் பதில் சொல்வதற்கு முன் ஆக்ஞைக்குப் பதில் சொல்லியாக வேண்டிய நிலைமை அவனுக்கு ஏற்பட்டுவிடுகிறது.

இந்த இடத்தில் தமிழ் மொழிக்கு உள்ள சம்பந்தத்தைச் சொல்லாமல் போகக்கூடாது. பேச்சில் மரியாதை என்பது என்ன, உலகெங்கும் மனிதர் ஏன் சுற்றிவளைத்துப் பேசுகிறார்கள் என்பதை ஆராய்ந்த நூல்களில் தலைசிறந்ததாக மதிக்கப்படுவது பெனலபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகிய இருவர் எழுதியது. 1978-ல் ஒரு தொகுப்பில் நீண்ட கட்டுரையாகவும், 1987-ல் தனிப் புத்தகமாகவும் அது வெளிவந்தது. அவர்கள் பிரதானமாக எடுத்துக்கொண்ட பாஷைகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோ தேசத்தில் மாயா இனத்தார் பேசும் செல்டால், கோயம்புத்தூர் ஜில்லாவில் ஒரு கிராமத்து மக்கள் பேசும் தமிழ். உலகத்து அறிஞர்கள் மரியாதையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஆதாரமாகக் கொள்ளும் ஒரு சித்தாந்தத்தின் அஸ்திவாரத்தில், நம் கொங்கு நாட்டுக் குடியானவர்கள் ஒருவரோடொருவர் பேசிய பேச்சும் கிடக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அந்தச் சித்தாந்தத்தின் மையச் சொல் 'முகம்'. எர்விங் காஃப்மன் என்ற சமூகவியல் அறிஞர் 1955-ல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து அதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறர் முன்னிலையில் ஒவ்வொருவரும் தமக்கென்று வைத்திருக்கும் மதிப்பே முகம். அதற்கு இரண்டு பக்கங்கள்: பிறர் தன்னை விரும்பவேண்டும், மெச்சவேண்டும் என்பது ஒன்று; தன் வழியில் யாரும் குறுக்கிடக்கூடாது, தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கவேண்டும் என்பது மற்றொன்று. முகதாட்சிணியம், முகம் கொடுத்துப் பேசுதல், முகத்தில் அடித்தாற்போல் சொல்லுதல், முகம் முறிதல் என்றெல்லாம் வழங்குகிற தமிழர்களுக்கு இதைப் பெரிதாக விளக்கவேண்டிய அவசியம் இல்லை. ஆணை என்பது இந்த இரண்டாவது பக்கத்தின் மேல் விழுகிற அடி. மரியாதைச் சொல் அந்த அடியின் மேல் வைக்கிற பஞ்சு.

நம் பேச்சைக் கொஞ்சம் உற்றுக் கேட்டால், அந்தப் பஞ்சை எத்தனை விதமாக நெய்துவைத்திருக்கிறோம் என்பது தெரியும். தாகமெடுத்தவன் 'தண்ணி கொண்டா' என்று சொல்லலாம், 'கொஞ்சம் தண்ணி கொண்டாயேன்' என்று சொல்லலாம், 'தண்ணி கொண்டாறீங்களா?' என்று வினவலாம், 'தண்ணி கிடைக்குமா?' என்று கேட்கலாம். எதையுமே கேட்காமல், 'அப்பப்பா, என்ன வெயில், நாக்கு வறண்டுபோச்சு' என்று திண்ணையில் உட்கார்ந்துவிடலாம். படிப்படியாக, கேட்பவருடைய தோளிலிருந்து நிர்ப்பந்தம் இறங்கிக்கொண்டே வருவதைக் காண்கிறோம். 'கொண்டாயேன்', 'வாங்களேன்', 'சாப்பிடுங்களேன்' என்பவற்றின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னஞ்சிறு ஒலி செய்யும் வேலையைப் பாருங்கள். 'சாப்பிடுங்கள்' என்பதில் மரியாதை உண்டு, விடுதலை இல்லை. 'சாப்பிடுங்களேன்' என்னும்போது, மாட்டேன் என்று சொல்வதற்கும் ஒரு கதவு திறந்துவைக்கப்படுகிறது. வேற்று மொழியார் பல சொற்களைச் செலவிட்டுச் செய்வதை நம் மொழி ஓர் அசையில் செய்துவிடுகிறது.

இவ்வளவு நுட்பமான கருவியைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் நாம், மிகவும் தேவையான சமயத்தில் அதைக் கீழே போட்டுவிடுகிறோம். பந்திக்கு அழைக்கையில் இருக்கும் நயம், நீரிழிவுக்காரரிடம் இனிப்பை விடச் சொல்கையில் இருப்பதில்லை. நம் பக்கம் நியாயம் இருக்கிறது என்ற தைரியம் வந்தவுடன் நயம் போய்விடுகிறது. என் பெரியப்பாவின் விஷயத்தில் இதைப் பிரத்தியட்சமாகக் கண்டேன். சர்க்கரை வியாதி என்று தெரிந்த நாளன்று அவரைப் பரிசோதித்த டாக்டர், திறமைசாலி, நல்ல எண்ணம் உடையவர், அவரைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகள் இவை: "காப்பியில் சர்க்கரை கூடாது. ஸ்வீட் வாசனையே படக்கூடாது. சொன்னதைக் கேட்காவிட்டால் காலை எடுக்கவேண்டி வரும், ஞாபகம் இருக்கட்டும்." ஒரு வார்த்தையிலும் பொய் இல்லை. பெரியப்பா தலையை ஆட்டினார். திரும்பும் வழியில் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, கால் கிலோ அல்வா வாங்கி, எங்கள் எல்லோர் முன்னிலையிலும் சாப்பிட்டார். அதற்கு முன் அவர் அல்வாவை விரும்பிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த வருஷம் வேறு ஒரு டாக்டரிடம் போனோம். வயதில் சிறியவர். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பெரியப்பாவின் பக்கமாகத் திருப்பிவைத்து, எந்த எண் எதைக் குறிக்கிறது என்று விளக்கிவிட்டு, "ஐயா, ஒரு நாளில் எதெது சாப்பிடுகிறீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். இதில் எதைக் குறைக்கமுடியும் என்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள். முடியாதென்றால் முடியாதென்று சொல்லுங்கள், வேறு வழி பார்க்கலாம்" என்றார். பெரியப்பா வெகுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "காப்பியை விடமுடியாது டாக்டர். இரண்டு ஸ்பூன் போடுகிறாள், அதை நிறுத்திவிடலாம். சாயங்காலக் காப்பிக்கு மட்டும் அரை ஸ்பூன் இருக்கட்டும்" என்றார். அந்த அரை ஸ்பூனை அவர் கடைசிவரை விடவில்லை. மற்றதை அன்றே விட்டார்.

இதே அனுபவம் மிகப் பெரிய அளவில் குடிநோய்ச் சிகிச்சையின் சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவில் 1970-களில் குடிக்கு அடிமையானவர்களைக் குணப்படுத்தும் நிலையங்கள் பலவற்றில், நோயாளியை நேருக்கு நேர் மோதி உடைப்பதே சிகிச்சையென்று கருதப்பட்டது. தான் குடிகாரன் என்பதை அவன் மறுக்கிறான். அந்த மறுப்பே நோயின் லட்சணம். ஆகையால் மறுப்பை நொறுக்கவேண்டும் என்பது தர்க்கம். இந்தத் தர்க்கத்துக்கு ஒரு விசித்திர பலம் உண்டு: அதட்டினால் நோயாளி எதிர்த்துப் பேசுவான், எதிர்த்துப் பேசியதே அவன் மறுக்கிறான் என்பதற்குச் சாட்சியாகும், ஆகவே இன்னும் அதட்டவேண்டியதாகும். தன் தவறே தனக்கு அத்தாட்சியாக அமைந்துவிட்ட இத்தகைய வழக்கத்தை உள்ளிருந்து திருத்துவது கடினம்.

திருத்தியவர் நியூ மெக்சிகோ சர்வகலாசாலையின் மனோதத்துவ ஆசிரியர் வில்லியம் மில்லர். 1982-ல் அவர் நார்வே தேசத்தில் பெர்கன் நகருக்கு அருகில் இருந்த ஒரு குடிநோய்ச் சிகிச்சை நிலையத்தில் சில காலம் தங்கியிருந்தார். அங்கிருந்த இளம் மனோதத்துவ நிபுணர்கள் அவரைச் சும்மா பாடம் சொல்ல விடவில்லை. நாங்கள் நோயாளியாக நடிக்கிறோம், நீங்கள் எப்படிப் பேசுவீர்களோ பேசிக்காட்டுங்கள் என்றார்கள். நடுநடுவே நிறுத்தி, இந்தக் கேள்வியை ஏன் கேட்டீர்கள், அந்த வார்த்தையை ஏன் விட்டுவிட்டு இந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டீர்கள் என்று துருவினார்கள். பதில் சொல்லிச் சொல்லித்தான், தாம் அறியாமலே ஒரு முறையைக் கையாண்டுவருகிறோம் என்பது மில்லருக்கே விளங்கிற்று. 1983-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். 1991-ல் ஸ்டீபன் ராலனிக் என்பவரோடு சேர்ந்து புத்தகமாக்கினார். இன்று குடிக்கு மட்டுமின்றிப் புகையிலை, உணவு, உடற்பயிற்சி, மருந்தை ஒழுங்காக உட்கொள்ளுதல் ஆகிய பலவற்றுக்கும் அந்த முறை பல தேசங்களில் பயிலப்படுகிறது.

மில்லர் கண்ட விஷயம் யாதெனில், குடிகாரன் ஒரே மனிதன் அல்லன், அவனுள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதே. குடும்பம் நாசமாகிறதே, விட்டுவிடலாம் என்பவன் ஒருவன். இன்றைக்கு ஒரு நாள் இருக்கட்டும் என்பவன் இன்னொருவன். வைத்தியர் வந்து, விட்டுவிடு என்று முதலாமவனுடைய வாதம் முழுவதையும் தாமே பேசித் தீர்த்துவிட்டால், நோயாளியின் வாயில் பேசுவதற்கு இரண்டாமவனுடைய வாதம்தான் மிஞ்சுகிறது. நான் அவ்வளவு குடிப்பதில்லை, வேலைக்கு ஒரு நாளும் போகாமல் இருந்ததில்லை, என் அப்பா எண்பது வயது வரை குடித்தார் என்று அவன் வரிசையாகச் சொல்கிறான். சொல்லச் சொல்ல அதை அவனே நம்பத் தொடங்குகிறான். மனிதன் பிறர் சொல்லக் கேட்பதைவிடத் தான் சொல்லக் கேட்பதையே உறுதியாக நம்புகிறவன். ஆகவே, விட்டுவிடவேண்டும் என்ற பக்கத்து வாதம் அவன் வாயிலிருந்தே வரும்படி கேட்பதுதான் வைத்தியரின் கலை. பிறரைத் திருத்தவேண்டும் என்ற துடிப்பு நல்லவர்களிடம்தான் அதிகம். அந்தத் துடிப்பை அடக்கிக்கொள்வதையே மில்லரும் ராலனிக்கும் முதல் பாடமாக வைத்தார்கள்.

இது வெறும் அபிப்பிராயமாக நின்றுவிடவில்லை. 1993-ல் மில்லரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், குடியினால் தொல்லைப்பட்ட 42 பேருக்கு இரண்டு விதமான பாணிகளில் ஆலோசனை வழங்கினார்கள்; உரையாடல்களைப் பதிவு செய்து, ஆலோசகர் எத்தனை முறை எதிர்த்து மோதினார் என்று எண்ணினார்கள்; ஒரு வருஷம் கழித்து அந்த மனிதர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். ஆலோசகர் எவ்வளவுக்கு மோதினாரோ அவ்வளவுக்கு அந்த மனிதர் அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார். இதற்கு எட்டு வருஷங்களுக்கு முன்பே, அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில் பாட்டர்சன், ஃபோர்காட்ச் என்ற இருவர், அடங்காத குழந்தைகளின் பெற்றோருக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர்களை வைத்து இன்னும் நேரான பரிசோதனையைச் செய்திருந்தார்கள். நிபுணர் சிறிது நேரம் உபதேசமும் கண்டிப்புமாகப் பேசுவார், பிறகு நிறுத்துவார், மீண்டும் உபதேசிப்பார், மீண்டும் நிறுத்துவார். குழாயைத் திறந்து மூடுவதுபோல, உபதேசம் தொடங்கும்போதெல்லாம் பெற்றோரின் எதிர்ப்பு ஏறிற்று, நிற்கும்போதெல்லாம் இறங்கிற்று. முரண்டு என்பது முரண்டுபவனுடைய சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, அது இரண்டு பேருக்கு நடுவில் உண்டாகும் வஸ்து என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணத்தை நான் அறியேன்.

அந்த வேகம் எழும்போது உள்ளத்தில் என்ன நடக்கிறது என்பதை ஜேம்ஸ் டிலார்ட், லிஜியாங் ஷென் ஆகிய இருவர் 2005-ல் ஆராய்ந்தார்கள். அளவு மீறிக் குடிப்பதைப் பற்றியும் பல் இடுக்குகளை நூலால் சுத்தம் செய்வதைப் பற்றியும் மாணவர்களுக்கு அறிவுரைகள் கொடுத்து, சிலருக்கு நயமாகவும் சிலருக்கு அதட்டலாகவும் எழுதினார்கள். அதட்டலைப் படித்தவர்களிடம் கோபமும் எதிர்வாதமும் கலந்து எழுந்தன; இது கோபம், இது தர்க்கம் என்று பிரிக்கமுடியாதபடி பாலும் நீருமாகச் சேர்ந்திருந்தன. பல் துலக்கும் நூலைப் பற்றிக்கூட மனிதன் கோபம் கொள்வானா என்றால், கொள்கிறான். அப்படிக் கோபம் கொண்டவனிடம் மேலும் நியாயங்களை அடுக்குவதனால் பயனில்லை. ஒவ்வொரு நியாயத்துக்கும் அவன் கோபம் ஒரு பதிலைத் தயாரித்துக்கொண்டே இருக்கும்.

இளம் வயதினர் விஷயத்தில் இது எவ்வளவு விபரீதமாகும் என்பதை அமெரிக்கப் புகையிலைப் பிரசாரங்கள் காட்டின. பிலிப் மாரிஸ் என்ற சிகரெட் கம்பெனியே 1998-ல் பிள்ளைகளை நோக்கி, சிந்தியுங்கள், புகைக்காதீர்கள் என்ற பொருள்பட ஒரு பிரசாரத்தை நடத்தியது. 2000-ல் தேசம் முழுவதும் 'ட்ரூத்' என்ற வேறொரு பிரசாரம், புகையிலைக் கம்பெனிகள் வழக்குகளின் முடிவில் செலுத்திய பணத்தைக்கொண்டு தொடங்கிற்று. இதன் விளம்பரங்கள் பிள்ளைகளைப் பார்த்துப் புகைக்காதே என்று சொல்லவில்லை. அவற்றுள் ஒன்றில், இளைஞர்கள் நியூயார்க்கில் அந்தக் கம்பெனியின் தலைமையகத்துக்கு எதிரே பிணங்களைச் சுற்றும் பைகள் 1,200-ஐக் கொண்டுவந்து குவித்தார்கள். ஒவ்வொரு நாளும் புகையிலையால் சாகிறவர்களின் தொகை அது என்று தெரிவித்தார்கள். 2002-ல் இரண்டு பிரசாரங்களையும் ஒப்பிட்ட ஆராய்ச்சியில், ட்ரூத் விளம்பரங்களைக் கண்ட பிள்ளைகளுக்குப் புகையிலையின் மேல் வெறுப்பு வளர்ந்திருந்தது; கம்பெனியின் விளம்பரத்தைக் கண்டவர்களிடமோ, புகைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் சற்று அதிகமாகவே காணப்பட்டது. கம்பெனியின் நோக்கத்தைப் பற்றி வாசகர் தாமே முடிவுக்கு வரலாம். நான் கவனிக்கச் சொல்வது வேறு: ட்ரூத் பிரசாரம் பிள்ளைகளின் சுதந்திர வேட்கையோடு சண்டைக்குப் போகவில்லை, உன்னை ஏமாற்றி அடிமையாக்க ஒருவன் பார்க்கிறான் என்று காட்டி, அந்த வேட்கையையே சிகரெட்டின் மேல் திருப்பிவிட்டது.

சுதந்திரத்தைப் பறிக்கும் சொல்லுக்கு இவ்வளவு எதிர்ப்பு உண்டாகுமானால், சுதந்திரத்தைத் திருப்பிக்கொடுக்கும் சொல்லுக்கு அதற்கேற்ற பலன் இருக்கவேண்டும் அல்லவா? பிரான்ஸ் தேசத்தில் நிக்கோலா கெகென், அலெக்சாந்தர் பாஸ்கால் என்ற இருவர் 2000-ல் வெளியிட்ட பரிசோதனை அதைக் காட்டுகிறது. கடைவீதியில் ஒருவர், பஸ்ஸுக்குச் சில்லறை கிடைக்குமா என்று போவோர் வருவோரைக் கேட்டார். நூற்றுக்குப் பத்துப் பேர் கொடுத்தார்கள். அதே கேள்வியோடு, கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம் என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டபோது, நூற்றுக்கு 47.5 பேர் கொடுத்தார்கள். கொடுத்த தொகையும் கூடிற்று. பிறகு நடந்த பல சோதனைகளை 2013-ல் ஒருங்கே திரட்டிப் பார்த்தபோதும் இந்தச் சொல்லின் பலன் உறுதிப்பட்டது; நேருக்கு நேர் கேட்கும்போது அது நன்றாக வேலை செய்கிறது என்பதும் தெரியவந்தது. கேட்கப்பட்டவர்கள் அந்த வார்த்தைக்கு முன்பும் சுதந்திரர்களாகத்தான் இருந்தார்கள்; யாரும் அவர்கள் சட்டைப் பையில் கைவிடவில்லை. இருந்தும், இருக்கிற சுதந்திரத்தை இருக்கிறதென்று ஒருவர் வாய்விட்டு ஒப்புக்கொள்வதில் ஒரு மகிமை இருக்கிறது.

இதனால் கடுமையான சொல்லுக்கு இடமே இல்லையென்று நான் வாதிக்கவில்லை. கூரையில் தீப்பிடித்த வீட்டில், வெளியே வருகிறீர்களா என்று யாரும் விண்ணப்பம் செய்துகொண்டு நிற்கமாட்டார்கள். ஓடு என்ற ஆக்ஞையே அங்கே அன்பு. பிரவுனும் லெவின்சனும் இதை விலக்காகவே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். வேறொரு விலக்கை வேறு சில ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் கண்டார்கள்: ஒரு விஷயத்தின் முக்கியத்துவத்தை முன்னரே உணர்ந்தவர்களிடம் அழுத்தமான சொல் செல்லுகிறது, சில சமயம் நயமான சொல்லைவிட நன்றாகவே செல்லுகிறது. மத்தியதரைக் கடலின் அசுத்தத்தைப் பற்றி ஏற்கெனவே கவலைப்படுகிறவனிடம், கடலைக் காப்பாற்று என்று உத்தரவு போடலாம். அவன் அதைத் தன் உள்ளத்தின் குரலாகவே கேட்கிறான். நம் கட்சிக் கூட்டத்தில் நம்மவர்கள் கைதட்டும் ஆவேச வாசகம் எதிர்க்கட்சிக்காரனை ஓர் அங்குலமும் அசைக்காமல் போவதற்கும் இதுவே காரணம். பேசுகிறவரோ அந்தக் கைதட்டலைக் கேட்டு, தாம் உலகத்தையே வென்றுவிட்டதாக எண்ணிவிடுகிறார்.

நயமாகச் சொல்வது என்றால் மழுப்பிச் சொல்வது என்று கொள்வதும் பிழை. 2007-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, உடற்பயிற்சியைப் பற்றிய அறிவுரைகளை எடுத்துக்கொண்டு, ஒரு செய்தி தெளிவாக இருப்பதும் அதட்டலாக இருப்பதும் ஒன்றல்ல என்பதைக் காட்டிற்று. பொதுப்படையான பேச்சைவிட, இன்னதென்று குறிப்பாகச் சொல்லும் பேச்சைக் கேட்டவர்கள் அதிகக் கவனம் செலுத்தினார்கள், சொன்னவரை அதிகமாக நம்பினார்கள். முடிவில், தீர்மானம் உங்களுடையது என்று சேர்த்தபோது எதிர்ப்பு தணிந்தது. ஆகவே, காலை இழக்க நேரும் என்ற உண்மையை டாக்டர் மறைக்கவேண்டியதில்லை. அதைக் காகிதத்தில் எண்ணாகவும் படமாகவும் காட்டலாம். எத்தனை ஸ்பூன், எத்தனை மாதம் என்று சொல்லலாம். உண்மை முழுவதையும் சொல்லிவிட்டு, தீர்மானத்தை மட்டும் அதற்கு உரியவரிடம் விட்டுவிடுவது கோழைத்தனம் அன்று.

இதையெல்லாம் ஒரு தந்திரமாகக் கற்றுக்கொண்டால் போதுமா என்று கேட்கலாம். சாமான் விற்கிறவர்களுக்கு அது போதுமாயிருக்கலாம். ஆனால், தயவுசெய்து என்று ஆரம்பித்து அபராதத்தில் முடியும் அறிவிப்பையும், உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் தகப்பனாரையும் நாம் அறிவோம். அவர்கள் சொல்லில் இருக்கும் சுதந்திரத்தை நம் பிள்ளைகள் ஒரு கணமும் நம்புவதில்லை. மறுக்கும் உரிமை எதிரில் இருப்பவருக்கு உண்மையாகவே உண்டென்று உள்ளத்தில் ஒப்புக்கொண்டவருடைய வாயில்தான் அந்தச் சொல் உயிர் பெறுகிறது. மறுத்துவிட்டால் என்ன செய்வது? மறுக்கட்டும். என் பெரியப்பாவின் அரை ஸ்பூன் சர்க்கரையை அந்த இளம் டாக்டர் ஏற்றுக்கொண்டார். அதனால்தான் மற்றதெல்லாம் போயிற்று.

நம் மருத்துவக் கல்லூரிகளில் மருந்தின் அளவையும் அதன் குணாகுணங்களையும் வருஷக்கணக்கில் கற்பிக்கிறார்கள். அந்த மருந்தை ஒரு கிழவரிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்பதற்கும், சொல்லிவிட்டு எவ்வளவு நேரம் மௌனமாக இருப்பது என்பதற்கும், மில்லரை நார்வே இளைஞர்கள் நிறுத்தி நிறுத்திக் கேட்டதுபோல், மாணவர்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டுப் பழக்கும் சில மணி நேரங்களையாவது பாடத்திட்டத்தில் ஒதுக்கவேண்டுமென்று கல்வி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். செவிலியர் பள்ளிகளுக்கும், கிராமங்களில் வீடுவீடாகச் சென்று கர்ப்பிணிகளையும் காசநோயாளிகளையும் பார்க்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் இது இன்னும் அவசரம். மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டவரின் வாசலில் முதலில் போய் நிற்பவர்கள் அவர்கள்தாம்.